சாம்பல் நிறத்தில் அறுபது பேர்

அவளை அந்த வட்டாரத்தில் எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவள் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பாள். தம்பி நடத்திய டிரைவிங் ஸ்கூலின் வெள்ளைக் காரில், ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில், தன் காலுக்கென்று தனியாகப் பொருத்திய பிரேக்கின் மேல் பாதத்தை லேசாக வைத்தபடி பாதி ஆயுளைக் கழித்தவள். அந்த பிரேக்கை மிதித்ததைவிட மிதிக்காமல் பொறுத்துக்கொண்டதுதான் அதிகம். "நான் மிதிச்சுட்டா அவங்க எப்பக் கத்துக்கிறது?" என்பாள்.

அவளிடம் கற்றுக்கொள்ள வந்தவர்கள் பெரும்பாலும் பயந்தவர்கள். வேறு இடத்தில் திட்டு வாங்கிவிட்டு வந்தவர்கள், கணவன் கற்றுக்கொடுத்து வீட்டில் சண்டையானவர்கள், ஓய்வு பெற்ற பிறகு ஆசை வந்தவர்கள். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து நடுங்கிய ஒரு வங்கி மேலாளரிடம், "சார், அது எங்கேயும் ஓடிப்போகாது. கொஞ்சம் தளர்த்திப் பிடிங்க, அதுக்கும் மூச்சு முட்டும்ல," என்றாள். மேலே இருக்கும் கண்ணாடியைப் பார்த்துத் தலைமுடியை ஒதுக்கிய கல்லூரிப் பெண்ணிடம், "நீ அழகாத்தாம்மா இருக்கே. இப்பப் பின்னாடி வர்ற லாரியையும் கொஞ்சம் பாரு," என்றாள். காரில் ஏறியதும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவாள். வண்டி சொல்வது முதலில் உள்ளங்காலுக்குத்தான் கேட்கும் என்பது அவள் கட்சி.

அவள் கணவன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளன். அவன் என்ன வேலை பார்க்கிறான் என்று யாராவது கேட்டால், "காகிதத்துல புள்ளி வைக்கிறார். அதுக்குச் சம்பளமும் கொடுக்குறாங்க," என்பாள். வீட்டில் அவனுக்குப் பெயர் பெரும்புள்ளி.

பல்கலைக்கழகத்தில் மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒதுங்கிய ஓர் அறையில் அவனோடு சேர்த்து நான்கு பேர். வெளியே இருப்பவர்களுக்கு நால்வரும் ஒரே வேலை செய்வதாகத் தோன்றும்: எண்களைப் படமாக்குவது. உள்ளே போனால் ஆளுக்கொரு உலகம். ஜன்னலோர மேசைக்காரி நிறங்களை மட்டும் ஆராய்ந்தாள். எந்த நிறம் கண்ணை முதலில் இழுக்கும், சிவப்பும் பச்சையும் பிரித்தறியாத கண்ணுக்கு ஒரு வரைபடம் எப்படித் தெரியும் என்பது அவளுடைய ஆயுட்காலக் கவலை. அடுத்த மேசைக்காரன் யார் யாரோடு தொடர்பு என்பதைக் கோடுகளால் வரைந்து, அவை சிக்கிக்கொண்ட நூல்கண்டாகிவிடாமல் பிரித்தெடுப்பவன். மூன்றாவது ஆள், ஒரு படத்தைப் பார்க்கும்போது மனிதர்களின் கண் எங்கெங்கே போய் நிற்கிறது என்பதைக் கருவி வைத்துப் பதிவு செய்பவன். நான்காவது மேசை இவனுடையது. 'இது உங்களுக்கு நடக்கலாம், நடக்காமலும் போகலாம்' என்ற ஒரு வாக்கியத்தை நோயாளிக்குப் புரியும்படி எப்படி வரைவது? அதுதான் அவன் துறை.

"கண்ணுக்கு ஒரு டாக்டர், காதுக்கு ஒரு டாக்டர்னு இருக்கிற மாதிரி, ஒரு படத்துக்கு நாலு டாக்டரா?" என்று கேட்டுச் சிரித்தாள், கல்யாணமான புதிதில். பிறகு அவளே அவனுடைய முதல் பார்வையாளர் ஆகிப்போனாள்.

அதற்கு ஒரு முறை உண்டு. சமையலறை மேசையில் அவன் படத்தை வைப்பான். ஒரு வார்த்தை பேசமாட்டான். பேசக்கூடாது. நோயாளி வீட்டில் அந்தப் படத்தைத் தனியாகத்தான் பார்க்கப் போகிறார், அருகில் நின்று விளக்க இவன் இருக்கமாட்டான். அவள் பார்ப்பாள். கொஞ்ச நேரம் கழித்துத் தாளைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு, நினைவில் என்ன நின்றதோ அதைச் சொல்வாள். முதல்முறை அவன் வட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒரு படம் வைத்தான். தாளைக் கவிழ்த்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "எது பெருசு, எது சின்னதுன்னு ஒன்னும் ஞாபகம் இல்லை. பசிக்குது."

வட்டம் அன்றோடு ஒழிந்தது. நூறு சின்ன மனித உருவங்களை வரிசையாக நிறுத்தும் முறைக்கு அவன் வந்து சேர்ந்தான். பத்து வரிசை, வரிசைக்குப் பத்துப் பேர். ஒரு மருந்தால் நூறில் மூன்று பேருக்குத் தலைசுற்றும் என்றால் மூன்று உருவங்களுக்கு வேறு நிறம். அதிலும் அவள் விடமாட்டாள். "இந்த மூலையில தனியா ஒருத்தனை விட்டுட்டீங்களே, பாவம். பார்க்கிறவங்க அவனையேதான் பார்ப்பாங்க," என்றாள் ஒருமுறை. அவள் சொன்னது உண்மையா என்று கண்ணைப் பதிவு செய்யும் நண்பனைக் கொண்டு சோதித்துப் பார்த்தான். உண்மைதான். அதைப் பற்றி எழுதிய கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும்போது 'டீச்சருக்கு' என்று போட்டான். அவள் அந்தப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு, "மத்ததெல்லாம் நான் படிக்கணுமா?" என்றாள்.

மகள் படித்து முடித்து வேறு ஊருக்கு வேலைக்குப் போன வருஷம், அவளுக்கு வயிற்றில் ஒரு கட்டி வந்தது. அறுவை செய்து எடுத்தார்கள். அவளும் பழையபடி காரில் ஏறி உட்கார்ந்தாள். அடுத்த வருஷம் அது திரும்பி வந்தது. இந்த முறை அறுவை செய்ய முடியாத இடத்தில்.

டாக்டர் பொறுமையானவர். இரண்டு வழி இருக்கிறது என்றார். ஒன்று பலமான மருந்து. இன்னொன்று மிதமானது. அவளைப் போன்ற நூறு பேர் பலமான மருந்தை எடுத்தால், இரண்டு வருஷம் கழித்து முப்பத்து நான்கு பேர் உயிரோடு இருப்பார்கள். மிதமானதை எடுத்தால் இருபத்தாறு பேர். "பலமான மருந்துக்கு ஒரு விலை இருக்கு," என்று சொல்லி, பக்கவிளைவுகள் எழுதிய ஒரு தாளை நகர்த்தினார். பிறகு அவனைப் பார்த்து, "நம்ம ஆஸ்பத்திரியில நோயாளிகளுக்குக் கொடுக்கிற படமெல்லாம் உங்க அறையிலிருந்து வந்ததுதான். இந்த மருந்துக்கு மட்டும் இன்னும் படம் இல்லை. நீங்களே வரைஞ்சு காட்டிடுங்களேன். அவங்க யோசிச்சு அடுத்த வாரம் சொல்லட்டும்," என்றார்.

காரில் வரும்போது அவள் அந்தத் தாளைப் படிக்கவில்லை. "நீங்க வரைங்க. எனக்கு எழுத்தை விட நீங்க வரிசையா வரையிற அந்தப் பொடியன்கள்தான் புரியும்," என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலமே தம்பி வந்துவிட்டான். வாசலிலேயே அத்தானை ஓரமாக இழுத்துப் போனான்.

"அத்தான், பலமான மருந்துதானே?"

"அவதான் முடிவு பண்ணணும்."

"அக்கா எப்பவும் குறுக்குச் சந்துலதான் வண்டியை விடும். நீங்க சொன்னா கேட்கும். நீங்க படம் போட்டா அதுக்கு மேல பேச்சே இல்லை." அவன் அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டான். "அத்தான், நூத்துல எட்டுப் பேர் கூடப் பிழைக்கிறாங்க. எட்டுப் பேர் சும்மா இல்லை."

எட்டுப் பேர் சும்மா இல்லை என்று அவனுக்கும் தெரியும். டாக்டர் அந்த எண்களைச் சொன்ன நொடியிலிருந்து அவன் மனசு அந்த எட்டுப் பேரைத்தான் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் ஆபீஸ் மேசையில் உட்கார்ந்து வரைந்தான். ஒரு எண்ணைக்கூட அவன் மாற்றவில்லை. அப்படிச் செய்யத் தோன்றவுமில்லை. பிழைத்திருக்கும் முப்பத்து நான்கு பேரை ஆழ்ந்த நீலத்தில், மேல் வரிசையிலிருந்து ஒன்றாகக் கூட்டி வைத்தான். கூட்டி வைத்தால் எண்ணுவது எளிது. அது அவன் துறையில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். பலமான மருந்தால் கைகால் மரத்துப்போகிறவர்கள் நூறில் அறுபது பேர். அவர்களை இன்னொரு படத்தில், வெளிறிய சாம்பல் நிறத்தில், நூறு பேருக்கு நடுவே அங்கங்கே சிதறவிட்டான். யாருக்கு வரும் என்று முன்கூட்டித் தெரியாதே, சிதறியிருப்பதுதானே உண்மைக்கு நெருக்கம்? அதற்கும் அவனால் ஆதாரம் காட்ட முடியும். மீதி நாற்பது பேரை வெள்ளையாக விட்டான். வெள்ளைக்கும் வெளிறிய சாம்பலுக்கும் தாளில் அவ்வளவு வித்தியாசமில்லை. முதல் படத்தைப் பெரிதாகவும் இரண்டாவதைச் சற்றே சிறிதாகவும் வைத்தான். தாளில் இடம் போதவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

ஜன்னலோர மேசைக்காரி பின்னால் வந்து நின்று பார்த்தாள். "இந்தச் சாம்பல் ரொம்ப வெளிறி இருக்கே," என்றாள். யாருக்கான படம் என்று தெரிந்ததும் மேலே எதுவும் பேசாமல் அவன் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட தட்டுகளை ஒதுக்கிவிட்டு, மேசையில் படத்தை வைத்தான். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள்.

"அந்த நீலத்தைப் பாரு, எவ்வளவு பேர்..." என்றான் அவன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.  மறுபடி குனிந்து பார்த்துவிட்டு, தாளைக் கவிழ்த்தாள்.

"என்ன ஞாபகம் இருக்கு?" என்று கேட்டான்.

"நீலம்."

"வேற?"

"வேற ஒன்னும் இல்லை. நீலம், நீலம், நீலம். கூடவே நீங்க பேசினது." கண்ணாடியைக் கழற்றினாள். "இத்தனை வருஷத்துல இந்த மேசையில படத்தை வெச்சுட்டு நீங்க வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை."

 அவள் தாளை மறுபடி நிமிர்த்தி, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், இரண்டாவது படத்தை நகத்தால் தொட்டுத் தொட்டு எண்ண ஆரம்பித்தாள். முகத்தை நன்றாகக் கிட்டே வைக்க வேண்டியிருந்தது. பாதியில் கணக்கு விட்டுப்போய் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

"அறுபதா?"

"ம்."

"அறுபது பேரை இந்தச் சின்ன இடத்துல ஒளிச்சு வெச்சிருக்கீங்களே, இவங்க என்ன தப்பு செஞ்சாங்க?"

"ஒளிச்சு வைக்கலை. எண்ணு, சரியா இருக்கும்."

"எண்ணினேனே. எண்ணினாத்தான் தெரியுது." அவள் குரலில் கோபமில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. "பின்னாடி ஒரு வண்டி வருது. கண்ணாடியிலயும் தெரியாத ஒரு இடம் இருக்குமே, கரெக்டா அங்க நிக்குது. அப்படி ஒரு இடத்துல கொண்டுபோய் நிறுத்தியிருக்கீங்க. சரி, இவங்களுக்கு என்ன ஆகும்?"

"கையும் காலும் மரத்துப்போகும்."

"மருந்தை நிறுத்தினா சரியாயிடுமா?"

"சிலருக்கு ஆகும். நிறைய பேருக்கு ஆகாது."

அவள் மேசைக்கு அடியில் தன் காலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"அப்போ வண்டியில உட்கார முடியாது."

"வண்டி என்ன பெரிய வண்டி!" என்று அவன் கத்திவிட்டான். கத்தியதும் அவனுக்கே பயமாகிவிட்டது. "எனக்கு அந்த எட்டுப் பேர் வேணும், டீச்சர். அவ்வளவுதான். எனக்கு வேற எதுவும் தெரியலை."

அவள் எழுந்து வந்து அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். கட்டி இருந்த அதே வயிறு. 

"எனக்கு மட்டும் வேணாமா அந்த எட்டுப் பேர்?" என்றாள். "ஆனா வேணுமா வேணாமான்னு நான் பார்த்துச் சொல்றேன். நீங்க எனக்காக பிரேக்கை மிதிக்காதீங்க. எழுந்திருங்க. கம்ப்யூட்டரைக் கொண்டாங்க."

"என்னால முடியாது. வேற யாரையாவது வரையச் சொல்றேன்."

"எனக்கு உங்க பொடியன்கள்தான் வேணும். கொண்டாங்க."

இருவரும் மேசையில் அருகருகே உட்கார்ந்தார்கள்.  அவள்தான் சொல்லிச் சொல்லி வரைய வைத்தாள், ஸ்டியரிங்கில் நடுங்குபவர்களிடம் பேசும் அதே குரலில். "ரெண்டு படமும் ஒரே அளவு. ம். அந்தச் சாம்பலை எடுத்துட்டு, நல்லா அழுத்தமா ஒரு நிறம் போடுங்க. சிதறிக் கிடக்கிறவங்களை ஒன்னாக் கூட்டுங்க. பக்கத்துலேயே மிதமான மருந்துக்கும் அதே மாதிரி ரெண்டு." மிதமான மருந்தில் மரத்துப்போகிறவர்கள் ஐந்தே பேர். நான்கு படங்களும் ஒரே தாளில், ஒரே அளவில் வந்து நின்றன. முப்பத்து நான்குக்குப் பக்கத்தில் இருபத்தாறு. அறுபதுக்குப் பக்கத்தில் ஐந்து. இதற்கு முன்னால் அவன் வரைந்த எதுவும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. அதைப் பார்க்க அவனுக்குப் பிடிக்கவில்லை.

அவள் வெகுநேரம் பார்த்தாள். அவன் வாயைத் திறக்கவில்லை. கவிழ்க்காமலே தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "நாலு மணிக்கு ஒரு அம்மா வருவாங்க, இன்னைக்குத்தான் முதல் தடவை பாலத்து மேல ஏத்தப் போறேன்," என்று கிளம்பினாள்.

அந்த வாரம் முழுக்க அவள் எதுவும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. மகளிடம் தொலைபேசியில் நெடுநேரம் பேசினாள். மகள் முதலில் அழுதாள், பிறகு சண்டை போட்டாள், கடைசியில், "நீ என்ன முடிவு எடுத்தாலும் நான் வந்துடுவேம்மா," என்றாள்.

டாக்டர் அறையில் தம்பியும் இருந்தான். அவள் மடித்த தாளை விரித்து மேசையில் வைத்தாள். "மிதமானது போதும் டாக்டர்," என்றாள்.

"அக்கா!" என்று தம்பி நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டான்.

"உட்காருடா. உன் ஸ்கூல்ல டீச்சர் வேணும்ல?" என்றாள். பிறகு டாக்டரிடம், "அந்த எட்டுப் பேர்ல நான் இருக்கலாம். இல்லாமலும் போகலாம். இந்த அறுபதுல இருக்கிறதுக்குத்தான் வாய்ப்பு நிறைய. இருக்கிற வரைக்கும் எனக்கு என் கால் வேணும். நான் சொல்றது தப்பா?"

டாக்டர் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார். "தப்பு இல்லம்மா. இதைப் பார்த்துட்டு நேர்மாறா முடிவு எடுக்கிறவங்களும் இருப்பாங்க. அதுவும் தப்பு இல்லை," என்றார். அந்தப் படத்தை மற்ற நோயாளிகளுக்கும் கொடுக்கலாமா என்று அவனிடம் கேட்டார். அவன் தலையாட்டினான்.

தம்பி ஒரு வாரம் அத்தானிடம் பேசவில்லை. அப்புறம் தானாகவே வந்தான். வெள்ளைக் காரின் இருக்கையில் அவள் முதுகுக்குப் புதிதாக ஒரு மெத்தை தைத்துப் போட்டுவிட்டு, "எட்டு, எட்டுன்னு எனக்கும் தூக்கமே இல்லை அத்தான்," என்றான்.

அடுத்த வருஷம் மழை முடியும்வரை அவள் வேலைக்குப் போனாள். மருந்து ஏற்றிய வாரம் மட்டும் விடுப்பு. இளைத்துவிட்டாள், சீக்கிரம் களைத்துப்போனாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அன்றைக்கு யார் என்ன செய்தார்கள் என்று சொல்லாமல் இருந்ததில்லை. பாலத்தில் ஏறப் பயந்த அந்த அம்மா தேர்வில் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை ஜெயித்தாள். உரிமத்தைக் கையில் வாங்கியதும் நேராக இவர்கள் வீட்டுக்கு வண்டியை ஓட்டி வந்து, நிறுத்தத் தெரியாமல் தெருவில் முன்னும் பின்னுமாக நகர்த்திக்கொண்டே இருந்தாள். ஜன்னலில் நின்ற டீச்சர், "மெதுவா, மெதுவா, சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு," என்று கத்திச் சிரித்ததில் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. அவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

பிறகு படுத்துவிட்டாள். மகள் வந்து சேர்ந்தாள். முன்னறையில் ஜன்னல் பக்கம் கட்டிலைப் போட்டார்கள்.

அந்த நாட்களில் அவன் அந்தப் படத்தைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கண்ணயர்ந்த பகல் பொழுதுகளில், கட்டிலுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு, முப்பத்து நான்குக்கும் இருபத்தாறுக்கும் நடுவில் இருந்த எட்டு உருவங்களை வெவ்வேறு நிறத்தில் பூசிப் பார்த்தான். ஒவ்வொன்றாக. ஏதோ ஒன்று அவள் முகத்தோடு திரும்பிப் பார்க்கும் என்பது போல.

ஒரு மத்தியானம் அவள் தூங்கவில்லை. கண்ணை மூடியபடி, "தேடுறீங்களா?" என்றாள்.

அவன் திடுக்கிட்டு மூடியை இறக்கினான்.

"இல்லையே."

"பெரும்புள்ளி, உங்களுக்குப் பொய் சொல்லவே வராது. படத்துல சொன்னாலும் சரி, வாயால சொன்னாலும் சரி." மூச்சு வாங்கியது. நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "எத்தனை பேர்னுதான் படம் சொல்லும், யாருன்னு சொல்லாதுன்னு ஊரெல்லாம் போய்ப் பேசுறது யாரு?"

"நான்தான்."

"அப்போ? அந்த எட்டுல நான் இருந்திருப்பேனான்னு பார்க்குறீங்க. அப்படித்தானே?"

அவன் கம்ப்யூட்டரின் மூடியை விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

"இருந்திருக்கலாம்," என்றாள். "எனக்கும் தோணாம இல்லை. அதுவும் ராத்திரி வலிக்கும்போது. ஆனா நான் இல்லாம போனப்புறம் உட்கார்ந்து இதையே எண்ணிட்டு இருக்கக்கூடாது. அதுக்கு விடை கிடையாதுங்க. விடை இல்லாத கணக்கை யாராவது வயசான காலத்துல போடுவாங்களா?"

"எண்ணமாட்டேன்," என்றான்.

"எண்ணுவீங்க. கொஞ்சமா எண்ணுங்க." அவள் கண்ணைத் திறந்து ஜன்னல் பக்கம் பார்த்தாள். தெருவில் ஏதோ வண்டி கியர் மாற்றத் தடுமாறி உறுமியது. அவள் புருவம் தானாகச் சுருங்கியது.

அவன் கம்ப்யூட்டரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தான். போர்வை நழுவி அவள் பாதங்கள் வெளியே தெரிந்தன. மெலிந்து நரம்போடியிருந்தன. கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து போர்வையை இழுத்துவிடப் போனான். அவன் விரல் அவள் உள்ளங்காலில் லேசாக உரசியது.

அவள் பாதம் அவன் கைக்குக் கீழே வெடுக்கென்று சுருங்கியது.

"கையை எடுங்க, கூசுது," என்றாள். அந்த இளைத்த முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

அவன் எடுக்கவில்லை.